கையில் ஆறு எழுத்து, சொல் எங்கே? ஆங்கில எழுத்து விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாலு பேர், ஆங்கில எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் பலகையை விரித்துவிடுவார்கள். ஒருநாள் ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்து உட்காரவைத்தார்கள். எழுத்து பொறித்த ஏழு சில்லுகளை, அதாவது டைல்களை, முன்னால் வைத்துக்கொண்டு முழித்தேன். பக்கத்தில் இருந்தவர் என் டைல்களை எட்டிப் பார்த்துவிட்டு, ‘அதான் கையிலேயே இருக்கே’ என்றார். இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் தட்டுத் தடுமாறினேன். தவறான பட்டியலை இறக்கினேன், தவறான செயலிக்குப் பணம் கட்டினேன், கம்ப்யூட்டரில் தேடும்போது கேள்வியையே தப்பாகக் கேட்டேன். உங்களுக்கு அந்த வருடம் மிச்சமாகட்டும். ஸ்கிராபிள், வேர்டில் (மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆட்டம்), நாளிதழ்ப் புதிர், பிள்ளையின் பள்ளியில் ‘இந்தச் சொல்லின் எழுத்துகளை வைத்து 20 சொற்கள் எழுதுக’ என்று கொடுத்தனுப்பும் தாள், எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதும்போது டைகருக்கு வரும் டியும் டாக்டருக்கு வரும் டியும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடங்களில் ‘டி’ என்றால் டைகர் டி மட்டும்தான். இன்னொன்றை நான் தொடவே போவதில்லை.

1. முதலில் கேள்வி என்னவென்று பாருங்கள்

‘இந்த எழுத்துகள் உள்ள சொல் வேண்டும்’ என்று நாம் சொல்வது ஒரே கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அதற்குள் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. நான் அதிகம் நேரத்தைத் தொலைத்தது இதில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். லிசன் என்ற சொல்லின் ஆறு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்-ஐ-எஸ்-டி-ஈ-என்.

எல்லா எழுத்தையும் ஒருமுறை மட்டும், மிச்சம் வைக்காமல் பயன்படுத்த வேண்டுமென்றால் சைலண்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் வரும். அனகிராம் என்று சொல்வது இதைத்தான். நாளிதழில் எழுத்தைக் குலைத்துப் போடும் புதிர்களும் இந்த வகை.

இருக்கும் எழுத்துகளில் சிலவற்றை மட்டும் எடுத்தால் போதும் என்றால் டைல்ஸ், இன்லெட், லைன்ஸ், நெஸ்ட், டின், நெட் என்று நீளும். பள்ளித் தாளில் கேட்பது இது. ஸ்கிராபிளில் கையில் இருக்கும் டைல்களை வைத்துத் தேடுவதும் இதுவே.

இந்த ஆறும் கட்டாயம் இருக்க வேண்டும், கூட வேறு எழுத்தும் வரலாம் என்றால் க்ளையண்ட்ஸ், ஸ்டென்சில், எசென்ஷியல் எல்லாம் உள்ளே வரும். எசென்ஷியலை எழுதிப் பார்த்து ஒவ்வொன்றாக அடியுங்கள், ஆறும் இருக்கும்.

ஆறும் இதே வரிசையில் ஒட்டிக்கொண்டு வர வேண்டுமென்றால் லிசனர், கிளிசன் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடைக்கும். நீங்கள் எக்ஸெலில் ‘கன்டெய்ன்ஸ்’ என்ற வடிகட்டியில் லிசன் என்று தட்டினால் கிடைப்பது இது மட்டுமே. நான் இரண்டு வாரம் இதை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சொற்களே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வகை, எழுத்துகளை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது. நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ அப்படித்தான்: ஏழு எழுத்து, நடுவில் உள்ளது கட்டாயம் வர வேண்டும், சொல்லுக்குக் குறைந்தது நாலு எழுத்து, ஒரே எழுத்து எத்தனை முறையும் வரலாம். அதன் விதிப்படி லிசனின் எழுத்துகளில் டென்னிஸ் செல்லும். ஸ்கிராபிளில் செல்லாது, ஏனென்றால் டென்னிஸுக்கு இரண்டு என் வேண்டும், கையில் இருப்பது ஒன்று. இந்த டென்னிஸை மறந்துவிடாதீர்கள், கீழே மறுபடியும் வரும்.

எந்தக் கருவியைத் திறந்தாலும், உங்கள் கேள்வி இவற்றில் எது என்று முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

2. சரியான சொற்பட்டியலைக் கையில் வையுங்கள்

இந்த வேலைக்கு ஆவணம் என்று ஒன்று உண்டென்றால் அது சொற்பட்டியல்தான். பட்டியல் மாறினால் விடையும் மாறும்.

ஸ்கிராபிளுக்கு உலகத்தில் இரண்டு பெரிய பட்டியல்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் போட்டிகளில் காலின்ஸ் அகராதி நிறுவனத்தின் பட்டியல். அதில் ஏறக்குறைய 2,80,000 சொற்கள். அமெரிக்கா, கனடா கிளப்களில் என்.டபிள்யூ.எல். (நாஸ்பா வேர்ட் லிஸ்ட்) என்று சுருக்கமாகச் சொல்லும் பட்டியல், அதில் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டெழுத்துச் சொற்கள் காலின்ஸில் 127, அமெரிக்கப் பட்டியலில் 107. இசட்-ஓ என்று வைத்தால் காலின்ஸில் செல்லும் (திபெத்து மாட்டின் பெயர்), அங்கே செல்லாது. சி-ஹெச்சும் அப்படியே. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துப் படித்துவிட்டு இங்கே வந்து ஆடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இன்னொன்று பதிப்பு. காலின்ஸ் பட்டியல் 2019, 2021, 2024 என்று புதுப்பிக்கப்பட்டது, 2019லும் 2024லும் சொற்கள் சேர்ந்தன, 2021ல் புண்படுத்தும் சொற்கள் சில நூறு கழிந்தன. பழைய செயலி ‘உண்டு’ என்று சொல்வதை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள்.

சொந்தமாகத் தேடிப் பழக இலவசப் பட்டியல் வேண்டுமென்றால் எனேபிள் என்ற பட்டியல் இருக்கிறது. ஏறக்குறைய 1,73,000 சொற்கள், பொதுவெளியில் விடப்பட்டது, வெறும் டெக்ஸ்ட் கோப்பு, வரிக்கு ஒரு சொல். பழகுவதற்கு இதுவே தாராளம்.

பொறி எங்கே என்றால், மேக் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே ஒரு சொற்பட்டியல் கிடக்கிறது, ‘அட, இலவசம்’ என்று அதை எடுத்துக்கொள்ளத் தோன்றும். அது 1934ல் வந்த வெப்ஸ்டர் அகராதியின் தலைச்சொற்கள். பன்மையும் வினையின் பல வடிவங்களும் அதில் இல்லை. இன்லெட் இருக்கும், இன்லெட்ஸ் இருக்காது. போதாததற்கு ஆள் பெயர், ஊர்ப் பெயரெல்லாம் கலந்து கிடக்கும்.

ஒரு சின்ன ஆறுதல்: காலின்ஸ் பட்டியலில் இட்லி, தோசா, சாம்பார் மூன்றும் செல்லும், கட்டுமரத்திலிருந்து போன கட்டமரானும் செல்லும். தமிழ் என்று வைத்தால் மட்டும் செல்லாது, பெயர்ச்சொல் என்று தள்ளிவிடுவார்கள்.

3. கம்ப்யூட்டருக்கு முன், காகிதம்

ஆட்டத்தின் நடுவில் கருவியைத் திறப்பது ஏமாற்று. ஆகவே கையால் செய்யத் தெரிந்தே ஆக வேண்டும்.

நம்மைப்போலத் தமிழில் எழுத்துக் கற்றவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். நாம் ஓசையை வைத்துத் தேடுகிறோம். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஓசை தெரியும், ஓசையைக் கேட்டால் பெரும்பாலும் எழுத்தும் தெரியும், அந்தப் பழக்கம் கைவிட்டுப் போகாது. லிசன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தால் சைலண்ட் வரவே வராது. லிசனில் டி வாய்க்கு வராது, டைலில் மட்டும் உட்கார்ந்திருக்கும். நான் மாறியது எப்போது என்றால், டைல்களை வாசிப்பதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தபோது.

அதற்கு முதல் வேலை, எழுத்துகளை அகரவரிசையில் அடுக்குவது. லிசன் ஈ-ஐ-எல்-என்-எஸ்-டி ஆகும். சைலண்டை அடுக்கினாலும் அதே. இந்த அடுக்குக்கு ஆல்ஃபாகிராம் என்று பெயர், ஸ்கிராபிள்காரர்கள் சொற்களை இந்த அடுக்காகத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். எல்லா வரிசையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வேறு வேறான ஐந்து எழுத்துக்கு 120 வரிசை, ஏழுக்கு 5,040. டீ ஆறிவிடும்.

அடுத்து, ஒட்டுகளைப் பிரித்துத் தனியே வையுங்கள். பின்னால் வருபவை ஐ-என்-ஜி, ஈ-ஆர், ஐ-ஈ-ஆர், ஈ-எஸ்-டி, எல்-ஒய். முன்னால் வருபவை ஆர்-ஈ, யூ-என், ஓ-யூ-டி. அப்புறம் ஜோடியாகச் சுற்றுபவற்றைச் சேர்த்து வையுங்கள்: எஸ்-ஹெச், டி-ஹெச், சி-கே, க்யூ-யூ. மிச்சம் மூன்று நாலு எழுத்துதான் இருக்கும், அதற்குள் சொல் தானாகத் தெரியும்.

ஆனால் ஐ-என்-ஜியைப் பார்த்ததும் கடைசியில் கொண்டுபோய் ஒட்டிவிட்டு அங்கேயே சிக்கிக்கொள்வது எல்லோருக்கும் நடக்கிறது. ஈ-ஜி-ஐ-எல்-என்-எஸ்-டி என்ற ஏழைப் பாருங்கள். ஐ-என்-ஜியைக் கடைசியில் வைத்தால் டி-எல்-ஈ-எஸ் மிச்சம், எதுவும் வராது. அதையே நடுவுக்குத் தள்ளுங்கள், டிங்கிள்ஸ் வரும், சிங்லெட் வரும். ஒட்டை மறந்துவிட்டு லிசனுக்கு முன்னால் ஜியை வைத்தால் கிளிசன். ஒரே ஏழு எழுத்து, மூன்று சொற்கள், மூன்றும் காதுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாதவை.

இடம் மாற்றிப் பார்ப்பதற்கு எளிய வழி, எழுத்துகளை வட்டமாக எழுதுவது. நேர்கோட்டில் எழுதினால் கண் இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே இருக்கும், வட்டத்தில் அதற்குத் தொடக்கம் கிடைக்காது. ஸ்கிராபிளில் டைல் தாங்கியில் அடிக்கடி குலுக்கி அடுக்குவதும் இதற்காகத்தான், பதற்றத்தில் செய்வது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

கொஞ்சம் பழகியபின் ஆறெழுத்து அடித்தளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். டி-ஐ-எஸ்-ஏ-என்-ஈ என்பது எல்லோரும் முதலில் படிப்பது (டிசேன், மூலிகை டீ). இதோடு ஒரு எழுத்தைச் சேர்த்தால் ஏழெழுத்துச் சொல் அநேகமாகக் கிடைத்துவிடும். எல் சேர்த்தால் சேலியண்ட், என்டெயில்ஸ். ஜி சேர்த்தால் சீட்டிங், டீசிங். எம் என்றால் இன்மேட்ஸ், வி என்றால் நேட்டிவ்ஸ். ஆர் சேர்த்தால் ரீடெயின்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெயினர் என்று கொட்டும். ஏழு டைலையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்பதால் இந்த உழைப்புக்குக் கூலி உண்டு.

எந்தச் சொல் இருக்கவே முடியாது என்று தெரிவதும் நேரத்தை மிச்சமாக்கும். இரண்டெழுத்துச் சொல் எதிலும் வி கிடையாது, இரண்டு பட்டியல்களிலும். க்யூ வந்தால் யூவுக்குக் காத்திருக்க வேண்டாம், க்யூ-ஐ செல்லும், க்யூ-ஏ-டி செல்லும். உயிரெழுத்தே இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஹெச்-எம்-எம், டி-எஸ்-கே இருக்கின்றன.

4. எக்ஸெலில் ஒரே வரியில்

கோடிங் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், அவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. தெரியாதவர்களுக்கு நான் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்ட ஒரு வழி.

பட்டியலை எக்ஸெலிலோ கூகுள் ஷீட்ஸிலோ முதல் நெடுவரிசையில் ஒட்டுங்கள். எக்ஸெலில் 10 லட்சத்துக்கு மேல் வரிசை உண்டு, இடம் போதும். பக்கத்து நெடுவரிசையில் சப்ஸ்டிட்யூட் என்ற ஃபார்முலா. அது ஒரு எழுத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும். ‘வேறொன்று’ என்ற இடத்தில் வெறுமையைக் கொடுத்தால் எழுத்து அழிந்துவிடும். இதற்கு நாலாவதாக ஒரு எண் கொடுக்கலாம், பலருக்கு இது தெரியாது. அங்கே 1 என்று போட்டால் அந்த எழுத்தின் முதல் வரவு மட்டும் அழியும். இப்படி ஆறு எழுத்துக்கும் ஆறு சப்ஸ்டிட்யூட்டை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதுங்கள். கொடுத்த எழுத்துகளில் ஒன்று இருமுறை இருந்தால் அதற்கு இரண்டு முறை எழுதுங்கள்.

மிச்சமாக என்ன நிற்கிறது என்று பார்த்தால், முதல் பகுதியில் சொன்ன முதல் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். எதுவுமே மிச்சமில்லையா, உங்கள் எழுத்துகளை வைத்து அந்தச் சொல்லை எழுத முடியும். சொல்லின் நீளம் சரியாக ஆறு குறைந்திருக்கிறதா, உங்கள் ஆறு எழுத்தும் அதற்குள் இருக்கின்றன. இரண்டும் நடந்திருந்தால் அனகிராம். டைல்ஸ் என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் மிச்சமிருக்காது. க்ளையண்ட்ஸில் சி மட்டும் நிற்கும், நீளம் ஏழிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்கும். டென்னிஸில் இரண்டாவது என் மாட்டிக்கொண்டு நிற்கும், ஆக செல்லாது. ‘இந்த எழுத்துகளில் ஏதாவது’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுத் தேடும் முறை ஒன்று இணையம் முழுக்கச் சொல்லித்தருகிறார்கள், அது எண்ணிக்கை பார்க்காது, டென்னிஸை உள்ளே விட்டுவிடும். ஸ்பெல்லிங் பீக்கு அது சரி, ஸ்கிராபிளுக்குத் தப்பு.

சப்ஸ்டிட்யூட்டுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பட்டியலையும் உங்கள் எழுத்துகளையும் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். நான் மாற்றாமல் ஓட்டி, 1,73,000 வரியிலும் ஒன்றும் பொருந்தவில்லை என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ஒன்லுக் என்ற இலவச அகராதித் தேடல் போதும். ? போட்டால் ஒரு எழுத்து, * போட்டால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும், முன்னால் // போட்டு எழுத்துகளைக் கொடுத்தால் குலைத்துப் பார்த்து அனகிராம் தரும். ஆனால் அது பல அகராதிகளைச் சேர்த்துத் தேடுவது, ஸ்கிராபிளில் செல்லாத சொற்களும் வரும். ஸ்கிராபிளையே தீவிரமாகப் படிக்கப் போகிறவர்களுக்கு ஜிஸிவா என்ற மென்பொருள் இருக்கிறது. அதில் ‘அனகிராம் மேட்ச்’ முதல் வகை, ‘சப்அனகிராம் மேட்ச்’ இரண்டாவது வகை.

5. வேர்டில் ஆடுகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை

வேர்டிலில் நீங்கள் போடும் சொல்லில் சரியான இடத்தில் உள்ள எழுத்து பச்சையாகும், விடையில் இல்லாதது சாம்பலாகும். ஆனாலும் சாம்பல் நிறம் வந்த எழுத்தை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். விடை அதர் (ஓ-டி-ஹெச்-ஈ-ஆர்) என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் ஷீட் என்று போடுகிறீர்கள். ஷீட்டில் ஈ மூன்றாவதிலும் நாலாவதிலும் இருக்கிறது. நாலாவது ஈ பச்சை, மூன்றாவது ஈ சாம்பல். அதாவது விடையில் ஒரு ஈதான், அது நாலாவது இடத்தில். அதைப் பார்க்காமல் வேர்டில் விடை தேடித்தரும் கருவியின் ‘வேண்டாத எழுத்துகள்’ கட்டத்தில் ஈயைத் தட்டினால் விடையே பட்டியலிலிருந்து போய்விடும்.

6. செலவு

ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் மேலே சொன்னதில் முக்கால்வாசி நடக்கும். எனேபிள் பட்டியல், கூகுள் ஷீட்ஸ், ஒன்லுக், எதற்கும் காசு கிடையாது. பணம் ஆவது ஸ்கிராபிள் பலகைக்கும், அச்சில் காலின்ஸ் பட்டியல் வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்துக்கும்தான். ஸ்பெல்லிங் பீயை முழுதாக ஆட வேண்டுமென்றால் சந்தா உண்டு.

நான் விட்ட பணம் வேறு. எழுத்தைக் கொடுத்தால் சொல்லைத் தரும் ஒரு செயலி, ஏழு நாள் இலவசம் என்றது. மொபைலிலிருந்து செயலியை அழித்தேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எட்டாம் நாள் 399 ரூபாய் போயிற்று, அடுத்த மாதமும் போயிற்று. செயலியை அழித்தால் சந்தா ரத்தாகாது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும், யு.பி.ஐ. ஆட்டோபே வழியாகக் கட்டியிருந்தால் அதிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இலவச நாள்கள் தொடங்கிய அன்றே ரத்து செய்துவிட்டாலும் பெரும்பாலும் ஏழு நாளும் ஓடும். இத்தனைக்கும் அந்தச் செயலி எந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறது என்று எங்குமே சொல்லவில்லை. பட்டியலின் பெயரும் ஆண்டும் போடாத எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

7. நேரம்

எக்ஸெல் ஏற்பாட்டுக்கு முதல்முறை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதி பட்டியலைச் சுத்தம் செய்யப் போகும். பழைய லேப்டாப்பில் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் ஒரு நிமிடம்போல உறைந்து நிற்கும், பதறி மூடிவிடாதீர்கள். மொபைலில் முயல வேண்டாம்.

மனப்பாடத்தில் இரண்டெழுத்துச் சொற்கள்தான் முதலில். நாளைக்கு ஆறு என்று வைத்தால் 127ம் ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடியும், எனக்கு அலுவலகம் போகும் பஸ்ஸிலேயே முடிந்தது. மூன்றெழுத்து 1,300க்கு மேல் இருக்கின்றன, அவசரப்பட வேண்டாம், முதலில் இசட், எக்ஸ், க்யூ, ஜே உள்ளவற்றை மட்டும் எடுங்கள். டிசேன் அடித்தளம் அதற்கும் பிறகு.

போட்டிக்குப் போவதாக இருந்தால் ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு 25 நிமிடம், தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி போகும். ஒரு முறைக்கு சராசரியாக இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே வீட்டில் பழகும்போதே மொபைலில் இரண்டு நிமிட அலாரம் வைத்து ஏழு டைலை எடுங்கள், கிடைத்ததை எழுதுங்கள், அலாரம் அடித்தபிறகுதான் ஷீட்டைத் திறந்து தவறவிட்டதைப் பார்க்க வேண்டும். தவறவிட்டதை ஒரு நோட்டில் அகரவரிசை அடுக்காகவே எழுதி வையுங்கள், சொல்லாக எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி அலாரம் வைத்து உட்காருங்கள்.